எலும்பு உருவாக்கப் புரதமா, எலும்பாக்கத் தூண்டியா?

> 'எலும்பு உருவாக்கப் புரதம்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா.

Bone morphogenetic protein (BMP) என்ற புரத வகைக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொல்வது புரியும், சரிதான். ஆனால் தப்பாகப் புரியுமே என்பதுதான் என் கவலை. படிக்கிற பிள்ளைகள் இதையும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் போல எலும்புக்குள் கிடக்கும் ஒரு கட்டுமானப் பொருள் என்று நினைத்துவிடுவார்கள். இந்தப் புரதம் எலும்பைக் கட்டுவதே இல்லை. குருத்துச் செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே உள்ளே செய்தி கடத்துகிற ஸ்மேட் புரதங்களில் பாஸ்பேட் ஏறும். அவை உட்கருவுக்குள் போய், ரன்எக்ஸ்-2 முதலான மரபணுக்கள் வேலை செய்ய வழி திறக்கும். அப்புறம்தான் குருத்துச் செல் எலும்பாக்கிச் செல்லாக மாறிக் கட்டத் தொடங்கும். விளக்குத் திரியைத் தூண்டிவிடுகிற வேலை, அவ்வளவுதான்.

1965இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் வெளியிட்ட சோதனையும் இதைத்தான் காட்டியது. சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தார். எலும்புக்கு வேலையே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு உண்டானது. அவரும் அதைத் தூண்டல் என்றே சொன்னார். ஆகவே 'எலும்பாக்கத் தூண்டி' என்பது என் பரிந்துரை.

'எலும்பு' என்பதற்குப் பதில் பழைய சொல்லான 'என்பு' வேண்டும் என்ற நண்பருக்கு: எங்கள் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பனையிலிருந்து விழுந்து கால் முறிந்தவர் வர்ம ஆசானிடம் கட்டுப் போட்டாலும், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டாலும், பார்க்க வருகிறவர்கள் கேட்பது "எலும்பு கூடியாச்சா?" என்றுதான். அவர்களுக்கும் புரிகிற சொல்லாக இருக்கட்டும். சேராமல் நின்றுவிடும் முறிவுக்கும் அதே பேச்சிலிருந்து 'கூடா முறிவு' என்று எடுத்துக்கொள்ளலாம்.

கருவில் சிறுநீரகமும் கண்ணும் உருவாவதிலும் இந்தப் புரதங்களுக்குப் பங்கு உண்டு. பெயர் எலும்பை மட்டும் சொல்கிறதே என்ற குறை ஆங்கில மூலப் பெயரிலும் இருக்கிறது. விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இந்த வகைப் புரதங்களுக்கு ஆங்கிலப் பெயரில் வரும் BMP-1, BMP-2 போன்ற எண்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பு இணைப்பு அறுவையில் வைக்கிறார்களே, அது எலும்பாக்கத் தூண்டி-2. அமெரிக்காவில் 2002இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 1ஆம் எண்ணை மட்டும் இந்தப் பெயரில் சேர்க்க வேண்டாம். அது தூண்டியே அல்ல, முன்கொலாஜனின் (கொலாஜனின் முந்தைய வடிவம்) முனையை வெட்டும் நொதி. நம் கலைச்சொல் பட்டியலில் அதை நொதிகளோடு வைப்போம்.