புதுப்பிப்பு: பென்சிலைக் கண்டாலே அழுத மகள்

தையில் முன்பள்ளிக்குப் போகவிருக்கும் மூன்றரை வயது மகள், பென்சிலைக் கையில் கொடுத்தாலே அழுகிறாள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலர் பதில் சொன்னீர்கள், மிக்க நன்றி.

முதலில் பென்சிலை எடுத்து ஒளித்துவிட்டேன். அம்மம்மாதான் முருங்கையிலை உருவ இருத்தினார். காம்பை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இழுக்க வேண்டும். முதல் நாள் இலை முழுக்கக் கசங்கிப் போனது. இரண்டு கிழமையில் அந்தப் பிடி நன்றாக வந்துவிட்டது. பென்சிலுக்கும் அதே விரல்கள்தானே!

அப்புறம் ஒரு தட்டில் குருமணல் பரப்பிக் கொடுத்தோம். ஏடு தொடக்கியபோது அரிசியில் 'அ' எழுதியவள்தான், ஆனால் அந்த வளைவு சின்ன விரலுக்குக் கஷ்டம். அதனால் நேர்கோட்டு எழுத்துகளான ட, ப இரண்டிலும் தொடங்கினோம். நேற்றுத் தானாகவே கிறேயோனை எடுத்து, கலண்டரின் பின்பக்கம் முழுக்க 'ட' போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தண்ணிப் போத்தல் மூடியும் திறக்கிறாள். பிரிந்திருக்கத்தான் இன்னும் பயம். இப்போது பெரியம்மா வீட்டில் தினமும் அரை மணித்தியாலம் விடுகிறேன். சொல்லாமல் நழுவுவதில்லை, “அம்மா போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இன்று படலை வரை வந்து கை காட்டினாள்.