பொருள்: நடந்தபின் எழுதிய தீர்க்கதரிசனம் – கலைச்சொல் தேவை (அவசரம்)

பாடமெழுதி:
அன்பர்களே, அஞ்சல்வழி இறையியல் பாடத்தில் பழைய ஏற்பாட்டு நூலான தானியேல் பற்றிய பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வாட்டிசீனியம் எக்ஸ் எவென்டு' என்ற இலத்தீன் தொடருக்குத் தமிழ் வேண்டும். நடந்து முடிந்ததை இனி நடக்கப்போவதுபோல் எழுதும் உத்தி அது. தானியேல் 11இல் வரும் வடதிசை, தென்திசை ராஜாக்களின் போர்கள் சிரியாவை ஆண்ட செலூக்கிய, எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களின் வரலாற்றோடு அப்படியே பொருந்துகின்றன. 40ஆம் வசனத்திலிருந்து பொருத்தம் அறுந்துவிடுகிறது. அந்த வடதிசை ராஜாவாகக் கொள்ளப்படும் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கு, நூல் சொல்வதுபோல் எருசலேமின் பரிசுத்த பர்வதத்தின் அருகே சாகவில்லை; கி.மு. 164இல் பாரசீகப் பக்கம் இறந்தான். அதனால்தான் நூல் எழுந்தது கி.மு. 167–164 என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். நான் 'போலித் தீர்க்கதரிசனம்' என்று வைத்தேன், பதிப்பாசிரியர் அடித்துவிட்டார்.

வேர்தேடி:
அடித்தது நல்லது. தீர்க்கதரிசனமே வடசொல், 1995 திருவிவிலியத்தில் 'இறைவாக்கு' இருக்கிறதே. அதையும் விடுங்கள். முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் விரிச்சி கேட்டு நிற்கவில்லையா? 'பின்விரிச்சி' என்க. வாட்டிசீனியத்தில் உள்ள 'வாட்டிஸ்' (தீர்க்கதரிசி) கூட நம் 'வாய்' வேரில் பிறந்தது என்பது என் ஊகம்.

எளியநடை:
வாட்டிஸை விட்டுவிடுங்கள் ஐயா. விரிச்சி, யாரோ தற்செயலாகச் சொன்னதைக் குறியாகக் கொள்வது. தானியேலுடையது தரிசனம். போதாக்குறைக்கு, பின்விரிச்சி என்றால் மாணவர் விரித்த கூந்தலைத்தான் நினைப்பார். 'நிகழ்ந்தபின் முன்னுரை' போதும்.

இலக்கணப்பித்தன்:
முன்னுரை புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது! நன்னூல் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு பற்றி முக்காலமும் பிறழலாம் என்கிறது. ஏசாயா 9:6இல் 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்று இனி நடப்பதை இறந்தகாலமாக்கியது அதில் 'தெளிவு' என்ற காரணம். இங்கே நேர் எதிர்: இறந்தது எதிர்வாகிறது. ஆகவே 'எதிர்வுப்பிறழ்வு'.

சபையூழியன்:
பிறழ்வு, போலி எல்லாம் வழக்கை விசாரிக்குமுன் தீர்ப்பெழுதும் சொற்கள். தானியேல் கி.மு. 6ஆம் நூற்றாண்டு நூல் என்று நம்புகிறவர்களும் இந்தப் பாடத்தைப் படிப்பார்கள். சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த தானியேல் பிரதி ஒன்று கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாம். எழுதிய மை காயுமுன் வேதமாகிவிட்டதா? தானியேல் சொல்லும், ஆலயத்தைத் தீட்டாக்கும் 'பாழாக்குகிற அருவருப்பு' அந்தியோக்கு காலத்திலேயே முடிந்ததென்றால், மத்தேயு 24:15இல் இயேசு அதை இனி வருவதாகச் சொல்வானேன்?

பாடமெழுதி:
ஒரே வாக்கு இரண்டு காலத்தில் நிறைவேறும் என்ற விளக்கத்தையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன் ஐயா. ஆனால் இது நேற்று முளைத்த ஐயமல்ல. கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவஞானி போர்பிரி, தானியேல் நடந்தபின் எழுதியது என்று சொன்னார். விவிலிய அறிஞர் ஜெரோம் தம் தானியேல் உரையில் அவருக்கு மறுப்பெழுதினார். மாற்கு 13இல் 'அருவருப்பு' என்று இருப்பது லூக்கா 21:20இல் 'சேனைகளால் சூழப்பட்டிருப்பதை' என்று ஆகிறது. ரோமர் எருசலேமை முற்றுகையிட்ட கி.பி. 70க்குப் பிறகு லூக்கா எழுதினார் என்போர் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். அங்கேயும் இந்தச் சொல் வேண்டும்.

எளியநடை:
அப்படியானால் 'நிகழ்ந்தபின் முன்னறிவிப்பு'. நீளம்தான், ஆனால் விளக்கவுரை வேண்டாம்.

இலக்கணப்பித்தன்:
உயிரில்லாத சொல். அச்சு அவசரத்துக்காக ஒத்துக்கொள்கிறேன்.

சபையூழியன்:
பின்னால் 'எனக் கருதப்படுவது' என்று சேருங்கள். இல்லையேல் என் வகுப்பில் இலத்தீனையே சொல்வேன்.

பாடமெழுதி:
சொல்லில் சேர்க்க இடமில்லை, அடிக்குறிப்பில் போடுகிறேன். கோப்பு அனுப்பியாயிற்று.

வேர்தேடி:
விரிச்சிக்கு யாரும் சரியான மறுப்புச் சொல்லவில்லை. வாட்டிஸ்–வாய் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.