கலைச்சொல் உதவி: ‘வீப்’, ‘சீப்’, ‘லீக்’ மூன்றும் கசிவுதானா?

மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை:

அனைவருக்கும் வணக்கம். பழைய கார் என்ஜின்களைப் பிரித்துச் செப்பனிட்டு மறுபடி கோப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஏழாம் பாடத்தின் அட்டவணை ஒன்று கழுத்தைப் பிடிக்கிறது. கோத்த என்ஜினை ஓட்டிப் பார்த்தபின் எண்ணெய் வெளிவருவதை மூன்று படியாகப் பிரித்திருக்கிறார்கள். இணைப்பு ஓரத்தில் ஈரம் தெரிகிறது, விரலில் ஒட்டுகிறது, துளி திரளவில்லை என்றால் ‘வீப்’. துடைத்துவிட்டுக் கவனித்தால் போதும். துளி திரண்டு தொங்குகிறது, விழவில்லை என்றால் ‘சீப்’. போல்ட்டுகளை உரிய முறுக்கத்துக்கு மீண்டும் இறுக்க வேண்டும். தரையில் சொட்டினால் ‘லீக்’. பிரித்தே ஆக வேண்டும். என் வரைவில் மூன்றுக்கும் ‘கசிவு’ என்று விழுந்திருக்கிறது. அப்படியே அச்சேறினால் வெறும் ஈரத்தைக் கண்ட மாணவர் என்ஜினையே இறக்கிவிடுவார். மூன்று சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:

மூன்று என்ன அம்மா, முப்பது தரலாம். “நெல்லுக் கிறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கு மாங்கே பொசியுமாம்” என்கிறார் ஔவையார். வாய்க்காலில் நீர் ஓடுகிறது. புல்லுக்கு அது ஓடிப் போகவில்லை, ஈரமாகப் பரவிப் போய்ச் சேர்கிறது. இரண்டு பாகங்களுக்கு நடுவே அடைப்பாக வைக்கும் கேஸ்கட்டின் ஓரத்தில் நடப்பதும் அதுவே. ஆகவே முதற்படி பொசிவு. இரண்டாவது கசிவு. “காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி” என்பதில் கசிவது முன்னே, மல்குவது பின்னே. வரிசையைச் சம்பந்தரே போட்டுத் தந்துவிட்டார். மூன்றாவது ஒழுக்கு. கூரை ஒழுக்கு என்று எல்லோரும் சொல்வதுதான்.

பொறியியல் விரிவுரையாளர்:

ஐயா, ‘ஒழுக்கு’ வேண்டாம். “இந்த என்ஜினுக்கு ஒழுக்கு உண்டா?” என்று கேட்டால், “உண்டு, நல்ல ஒழுக்கமான என்ஜின்” என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வரும். அப்புறம் அன்று பாடம் நடக்காது. பொசிவு என்ற சொல்லை என் மாணவர் எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ‘லீக்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. முதல்நிலை லீக், இரண்டாம்நிலை லீக், மூன்றாம்நிலை லீக் என்று எண் போட்டுவிடுங்கள். உலகத்தோடு ஒட்ட ஒழுகச் சொன்னவர் வள்ளுவர்.

தமிழாசிரியர்:

அந்தக் குறளிலேயே ‘ஒழுகல்’ வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி.

தனித்தமிழ் அன்பர்:

அடித்தளமே ஆட்டம் காணும்போது மாடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். ‘எண்ணெய்’ என்பது எள் + நெய். என்ஜினுக்குள் எள் எங்கே இருக்கிறது? நிலத்தடியில் எடுப்பதைப் பாறைநெய் என்ற பொருளில்தான் மேலைநாட்டாரும் பெட்ரோலியம் என்றார்கள். நாமும் கல் + நெய் = கன்னெய் என்று நன்னூல் வழியிலேயே ஆக்கிக்கொள்ளலாம். கன்னெய்ப் பொசிவு, கன்னெய்க் கசிவு. எவ்வளவு இனிமை!

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தேங்காயிலும் எள் இல்லை. எனக்கு இருப்பது மூன்று நாள்.

ஓய்வுபெற்ற நூலகர்:

எண்ணெய் இருக்கட்டும், ‘லூப்ரிகேஷன்’ என்பதற்காக அதற்கு முன்னால் நிற்பது மசகா, உயவா? கையேட்டில் ‘உயவு எண்ணெய்’ என்று கண்டேன். தொல்காப்பிய உரியியல் “உயாவே உயங்கல்” என்கிறது. உயங்கல் என்றால் வருந்துதல். வருத்த எண்ணெயையா என்ஜினுக்கு ஊற்றுகிறோம்? வண்டி அச்சில் திரளும் கரிய பசைக்கு மசகு என்று பெயர் இருக்கவே இருக்கிறது. மசகும் மசக்கையும் ஒரே வேர் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். இரண்டிலும் ஒரு மயக்கம், ஒரு வழுக்கல்…

(இதைத் தொடர்ந்து மசக்கை பற்றி வந்த பதினொரு மடல்களை இங்கே எடுத்தெழுதவில்லை.)

என்ஜின் மெக்கானிக், புதன் இரவு:

தமிழை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் சொல் எதைச் சுட்டுகிறது என்று பார்க்காமல் சண்டை நடக்கிறது. பட்டறையில் முதற்படிக்கு நாங்கள் சொல்வது ‘என்ஜின் வியர்க்கிறது’. துடைத்தால் போகும், மறுநாள் வரும்.

பழைய என்ஜின்களில் இது பல நேரம் குறையே அல்ல. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்முனையில் இன்றிருக்கும் ரப்பர் சீல் அன்று பலவற்றில் கிடையாது. சிலவற்றில் எண்ணெயில் ஊறவைத்த கயிற்றை அரைவட்டக் காடியில் அழுத்தி வைத்திருப்பார்கள். மோரிஸ் மைனரில் இருந்த ஏ-சீரிஸ் என்ஜினில் தண்டைத் தொடும் சீலே இல்லை. மரைபோல் வெட்டிய சுருள் பள்ளம் சுழன்று எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். என்ஜின் நின்றால் தள்ள ஆளில்லை. இரண்டு துளி வெளியே வரத்தான் செய்யும்.

இன்னொன்று. புதிதாகக் கோத்த என்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு படியும்வரை எரிந்த வாயு கீழே இறங்கும். அந்த வாயு வெளியேறும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கு வழியே எண்ணெயை வெளியே தள்ளும். நானே ஒருமுறை சீல் மேல் பழிபோட்டு இரண்டு தடவை என்ஜினை இறக்கினேன். மூன்றாம் தடவைதான் மூச்சுக்குழாயைக் கழற்றினேன். கரி கட்டி, உள்ளே சுண்டுவிரல்கூட நுழையவில்லை. ஆகவே அட்டவணையில் ‘பிரிக்கவும்’ என்பதற்கு முன்னால் ‘மூச்சுக்குழாயைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி சேருங்கள். சொல்லைவிட அதுதான் முக்கியம்.

எட்டாம் பாடத்தில் செயற்கை எண்ணெய் ‘கசிவை உண்டாக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வெளிக்காட்டும்’ என்று திருத்துங்கள். மாற்றாமல் விட்ட பழைய இணைப்பில் கசடு அடைத்து நின்ற இடுக்கை அது கழுவித் திறந்துவிடுகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர்:

இரண்டையும் திருத்திவிட்டேன், மிக்க நன்றி. அதே பாடத்தில் ஒரு சந்தேகம்: ‘சிங்க்’ குறைந்த எண்ணெய் கூடாது என்று இருக்கிறது. துத்தநாகம் என்று போடலாமா?

என்ஜின் மெக்கானிக்:

போடுங்கள், பாஸ்பரஸையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்த சேர்மம்தான் வால்வைத் திறக்கும் கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் வழுக்கி உரசும் இடத்தில் படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. பாஸ்பரஸ் புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த எஸ்எம் என்ற எண்ணெய்த் தரம் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற பாகுத்தன்மை வகைகளில் அதை 0.08 சதவீதத்தோடு நிறுத்தியது. புதுக் கார்களுக்கு அது சரி. தட்டை டாப்பெட் வைத்த பழைய என்ஜினுக்குப் புதுக் கேம் போட்டுவிட்டு, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றினால் முதல் 20 நிமிட ஓட்டத்திலேயே கேம் முகடு தேய்ந்துவிடலாம்.

ஓய்வுபெற்ற நூலகர்:

ஈழத்துப் பாடநூல்களில் சிங்க் என்பது நாகம். “எண்ணெயில் நாகம் போதுமா என்று பார்க்கவும்” என்று எழுதினால் மாணவர் மூடியைத் திறக்கவே அஞ்சுவார்.

பொறியியல் விரிவுரையாளர்:

‘வியர்ப்பு’ எனக்குச் சம்மதம். கேட்டதும் புரிகிறது. ‘வீப்’ என்பதை நேராகப் பெயர்த்து அழுகை என்று யாரும் தருவதற்குள் இதை முடித்துவிடுவோம்.

தமிழாசிரியர்:

வியர்வை உடலின் நீர், எண்ணெய்க்கு ஒவ்வாது. துடைத்தால் உலரும் வியர்வையும், துடைத்தாலும் பிசுபிசுக்கும் எண்ணெயும் ஒன்றா? பொசிவுதான் சரி. சொல் புதிதாகத் தெரிந்தால் இரண்டு வகுப்பில் பழகிவிடும். கசிவும் ஒரு காலத்தில் அப்படிப் பழகியதுதான்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் நள்ளிரவு:

வியர்ப்புக்கு நால்வர், பொசிவுக்கு மூவர், ‘லீக்’ ஒருவர் (அவரே வியர்ப்புக்கும் கைதூக்கியிருக்கிறார்). அட்டவணையில் வியர்ப்பு, கசிவு, சொட்டு என்று போட்டுவிட்டேன். வியர்ப்புக்கு அடிக்குறிப்பில் ‘பொசிவு என்றும் கூறுவர்’ என்று இருக்கும். ஒழுக்கை விட்டுவிட்டேன், தமிழாசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கோப்பு காலையில் போகிறது.

தமிழாசிரியர்:

‘கூறுவர்’ என்றால் யார் கூறுவர்? நான் ஒருவன்தான். இருந்தாலும் அடிக்குறிப்பில் இடம் தந்ததற்கு நன்றி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

தனித்தமிழ் அன்பர், சனிக்கிழமை:

கன்னெய் பற்றிய என் மடலுக்கு இன்னும் எவரும் பதில் எழுதவில்லை.