விண்ட் வேக்கர்: பொம்மைப் படம் மாதிரி இருக்கும் கேம் உங்களை எங்கே மடக்கியது?

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2000இல் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் நிண்டெண்டோ காட்டிய சின்னத் துண்டுக் காட்சி நினைவிருக்கிறதா? செல்டா கேம் வரிசையின் நாயகன் லிங்க்கும் வில்லன் கானன்டார்ஃபும் வாள் மோதுவார்கள், பார்க்க அசல் மனிதர்கள் போலவே. அடுத்த செல்டா இதுதான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மறு ஆண்டு அதே கண்காட்சியில் வந்து நின்றதோ முட்டைக் கண்ணும் குட்டைக் காலுமாக ஒரு பொடியன். அதுதான் விண்ட் வேக்கர். கையால் வரைந்த படம் போலக் காட்டும் ‘செல் ஷேடிங்’ முறையையும் செல்டாவையும் ஒட்டவைத்து ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பெயர் கிளம்பியது. (தமிழில் எழுதினால் இரண்டுமே ‘செல்டா’தான். நம்மிடம் அந்தக் கேலி செல்லாது.) நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். 2002 டிசம்பரில் ஜப்பானிலும் மறு ஆண்டு மற்ற நாடுகளிலும் நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்தபோது தொடக்கூட இல்லை.

2013இல் வீ யூ கன்சோலுக்கான பதிப்பு வந்த பிறகுதான், வேறு கேம் கையில் இல்லாத ஒரு வாரத்தில் ஆரம்பித்தேன். லிங்க்கின் பிறந்தநாள். பாட்டி பச்சை உடுப்பை எடுத்து நீட்டுகிறாள், பையன் முகம் கோணுகிறது. அப்புறம் தங்கை ஆரிலை ஒரு ராட்சதப் பறவை தூக்கிக்கொண்டு போகிறது. இவன் கடற்கொள்ளையர் கப்பலில் ஏறிக் கிளம்புகிறான். கதை விறுவிறுவென்று ஓடியதில் நான் அந்தத் தீவுப் பக்கமே திரும்பவில்லை. பல மணி நேரம் ஆடிய பிறகு, வழியில் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். பாட்டி உடம்பு சரியில்லாமல் கிடக்கிறாள். பேரன் பேரையும் பேத்தி பேரையும் சொல்லி முனகுகிறாள். எதிரில் நிற்பது யார் என்றே தெரியவில்லை.

அங்கே போ என்று கேம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. நான் மறந்ததால் அவள் இப்படிக் கிடக்கிறாள் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். ஒரு தேவதையைப் பாட்டிலில் பிடித்து வந்து விட்டதும் எழுந்துகொண்டாள். எழுந்ததும் சூப் கொடுத்தாள். குடித்தால் உயிரும் மந்திர சக்தியும் நிரம்பும், அடுத்த அடி வாங்கும் வரை வாள்வீச்சுக்கு இரட்டைப் பலம். அதைக் குடிக்க மனம் வராமல் கடைசிவரை பாட்டிலிலேயே வைத்திருந்தேன்.

உங்களுக்கு எந்த இடம்? சொல்லுங்கள். முடிவுவரை பேசலாம், 20 வருஷம் தாண்டிய கேம்.

*

சூப்பைக் குடிக்காமல் வைத்திருந்தவருக்கு: காலி பாட்டிலோடு போனால் பாட்டி மறுபடி நிரப்பித் தருவாள். காசு கேட்கமாட்டாள். நன்றாக ஏமாந்தீர்கள்.

*

நான் இதை ஆடியவன் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். 2025இல் ஸ்விட்ச் 2 கன்சோலில் பழைய கேம்கியூப் பதிப்பு வந்ததும் என் பெண் பிடித்துக்கொண்டாள். எட்டு வயது.

ஒரு குகையில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் சுவர் சுவராக நோட்டம் விட்டு, “இடது பக்கம் போ, மேலே பார்” என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே, “அப்பா, அவன் எங்கே பார்க்கிறான்னு பாருங்க” என்றாள். லிங்க்கின் கண் இரண்டும் ஓரமாக ஒதுங்கி ஒரு தீப்பந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த கேமில் முக்கியமான பொருள் பக்கத்தில் இருந்தால் அவன் கண்ணும் தலையும் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அத்தனை பெரிய கண் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திரையில் அம்புக்குறி போடுவதற்குப் பதில் ஒரு முகத்தையே வைத்திருக்கிறார்கள்.

எதிரிகளின் கோட்டைக்குள் அவனைப் பீப்பாயில் வைத்து வீசுவார்கள் இல்லையா, சுவரில் மோதி அப்படியே வழுக்கி விழுவான். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நிமிடமே கையில் வாள் இல்லை, காவலர்கள் நடமாட்டம், தேடுவிளக்கு. பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும்போது வீட்டில் ஒரு சத்தம் இல்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

*

படம் வரைவது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண முப்பரிமாண கேமில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி நிழலாகும். இங்கே வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. புகை புகையாக இருக்காது, சுருள் சுருளாக எழும்பும். லிங்க்கின் புருவமும் கண்ணும் நெற்றியில் விழும் முடிக்கு மேலாகவே தெரியும். அசலில் நடக்காத காரியம், ஆனால் கையால் வரைகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது. முகபாவம் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக எப்படியோ இயற்பியலை ஏமாற்றியிருக்கிறார்கள். யோஷிகி ஹருஹானா வரைந்த லிங்க் படத்திலிருந்துதான் இந்தப் பாணியே தொடங்கியது. இயக்குநர் எய்ஜி ஆவோனுமா அதைப் பிடித்துக்கொண்டார். லிங்க்குக்கு வசனமே கிடையாது, அவ்வப்போது ஒரு கத்தல்தான். பேசாத பையனுக்கு முகம்தான் வாய். அந்தக் காலத்தில் ‘அசல் போல’ செய்த மற்ற கேம்களின் முகங்களை இன்று பாருங்கள், பல மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கும். இவன் அப்படியே இருக்கிறான்.

சரி, என் இடம். கடலுக்கு அடியில் இறங்கியதும் நிறம் போய் எல்லாம் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. டிவியில் கோளாறு என்று எழுந்து போய்க் கேபிளை அசைத்தேன், நிஜமாக. அது கோளாறு இல்லை. மூழ்கிப்போன ஹைரூல் ராஜ்ஜியத்தின் கோட்டை, எதிரிகள் ஓங்கிய கையோடு உறைந்து நிற்கிறார்கள். மாஸ்டர் சோர்ட் என்ற வாளை உருவியதும் நிறம் திரும்புகிறது, கூடவே அவர்களுக்கும் உயிர் வருகிறது. என்ன காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு பயம் வந்தது. வண்ணத்தை வைத்துப் பயமுறுத்த முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

*

எல்லோரும் உருகுகிறீர்கள், ஒருவராவது உள்ளதைச் சொல்ல வேண்டாமா? கடல் நீளம். ஏழுக்கு ஏழு, 49 கட்டம், கட்டத்துக்கு ஒரு தீவோ திட்டோ. திசை மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் விண்ட் வேக்கர் என்ற மந்திரக் கோலை எடுத்து மேல், இடம், வலம் என்று அசைத்துக் காற்றைத் திருப்ப வேண்டும். கடைசியில் ட்ரைஃபோர்ஸ் என்ற மந்திரப் பொருளின் துண்டு எட்டு. பழைய பதிப்பில் எட்டுக்கும் வரைபடம் தேடி, ஒவ்வொன்றையும் டிங்கிள் என்ற ஆசாமியிடம் 398 ரூப்பி (கேமின் காசு) கொடுத்துப் படிக்கச் சொல்லி, அப்புறம் கடலில் துழாவி எடுக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தேன், 3184 ரூப்பி. வீ யூ பதிப்பில் ஐந்து துண்டுகளை நேராகவே கிடைக்கும்படி மாற்றினார்கள், வேகப் பாயும் தந்தார்கள். நியாயம்.

ஆனால் ஒன்று. ஒரு சாயங்கால நேரம், தூரத்தில் கடற்காகங்கள் ஒரே இடத்தில் வட்டமிட்டன. அழகாக இருக்கிறதே என்று படகைத் திருப்பினேன். கீழே ராட்சத ஆக்டோ, ஆக்டோபஸ் மாதிரி ஒரு கடல் பூதம். சுழலில் இழுத்தது, படகு சுற்றுகிறது, நான் கத்துகிறேன். அன்றிலிருந்து பறவை கூடினால் வழியை மாற்றிவிடுவேன். அதைச் சொல்லித்தர ஒரு வரி எழுத்துகூடத் திரையில் வரவில்லை. அதற்காக அந்த நீளக் கடலைப் பாதி மன்னித்தேன்.

*

எனக்கு முடிவுதான். மேலே கடல் இடிந்து கொட்டுகிறது, ஹைரூல் ராஜா கீழேயே நின்றுவிடுகிறார், லிங்க் கையை நீட்டுகிறான். இதற்கு மேல் எழுத வரவில்லை.

*

தொடங்கியவன் திரும்ப வந்திருக்கிறேன். மேலே ஒருவர் ஏமாந்தீர்கள் என்றதும் நேற்று இரவு பழைய ஆட்டச் சேமிப்பைத் திறந்தேன். கானன்டார்ஃபுக்கு முன்னால் போய் நிற்க வேண்டிய நேரம். 12 வருஷமாகப் பாட்டிலில் கிடந்த சூப்பை முதல் தடவையாகக் குடித்தேன். குடித்துவிட்டு அவனிடம் போகவில்லை. மேலே ஏறி, படகை எடுத்து, காற்றைத் திருப்பி, தீவுக்குப் போனேன். பாட்டி கேள்வியே கேட்காமல் நிரப்பித் தந்தாள். வெளியே பன்றி ஒன்று திரிந்தது, அதைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கரையில் கொஞ்ச நேரம் சுற்றினேன். பிறகு கன்சோலை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். கானன்டார்ஃப் கோபுரத்தில் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறான்.