குறுக்குக் கட்டை: நூல் பிடித்து அடிப்பதா, ஏற்றி இறக்கி அடிப்பதா?

உளிமுனை: மரச்சட்டச் சுவரில் நிற்கும் சட்டங்களுக்கு நடுவே கொடுக்கும் குறுக்குக் கட்டைகளை ஏற்றி இறக்கி அடித்தால் "சுவரின் வலு பாதி போய்விடும்" என்று ரசமட்டம் நேற்று எழுதியிருக்கிறார். எந்தப் பாதி ஐயா, மேல் பாதியா கீழ் பாதியா? ஏற்றி இறக்குவதே ஆணிக்காகத்தான். நேராக வைத்தால் அடுத்த கட்டையின் முனைக்கு ஆணி இறக்க இடமே இருக்காது, முந்தைய கட்டை மறித்துக்கொண்டு நிற்கும். சாய்த்துத்தான் அடிக்க வேண்டும். நுனி பிளக்கும்.

ரசமட்டம்: ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். எனக்குப் பிளப்பதில்லை. ஒரே கோட்டில் இருந்தால்தான் வலு.

மரப்பித்தன்: எந்த வலு? பாரம் ஏறும்போது நிற்கும் சட்டம் மெல்லிய பக்கமாக வளையாமல், முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பதுதான் இந்தக் கட்டையின் வேலை. சுவரே ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க மூலைவிட்டச் சட்டமோ பிளைவுட்டோ வேண்டும்.

ரசமட்டம்: சாய்வதைப் பற்றி யார் பேசினார்கள்? நான் பேசுவது கோட்டைப் பற்றி.

உளிமுனை: மரச்சட்டக் கட்டுமானத்துக்கான ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 1684 விதியைப் படியுங்கள். கட்டை வரிசைக்கு வரிசை இடைவெளி 1350 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது.

ரசமட்டம்: அதே விதியில் 'தொடர்ச்சியான வரிசை' என்று இருக்கிறதே! வரிசை என்றால் என்ன? நேர்கோடு.

உளிமுனை: பேருந்துக்கு நிற்பவர்களும் வரிசைதான். நூல் பிடித்தா நிற்கிறார்கள்?

புதுக்கை: ஒரு சந்தேகம். இந்தக் குறுக்குக் கட்டையை நாகின் என்பார்களா, டுவாங் என்பார்களா?

மரப்பித்தன்: இங்கிலாந்தில் நாகின். ஸ்காட்லாந்து, நியூசிலாந்தில் டுவாங்.

உளிமுனை: பெயர் தெரியாமலா இங்கே வந்தீர்கள்?

புதுக்கை: கேட்டது குற்றமா? போன மாதம் கதவு நிலைக்குத் தப்பான அளவு சொல்லி என்னை அலையவிட்டது நீங்கள்தானே?

உளிமுனை: அளவு சரிதான். உங்கள் டேப்பைச் சரிபாருங்கள்.

ரசமட்டம்: டேப்பை விடுங்கள். சுவரை மூடும் 1200 மி.மீ. அகலப் பலகையைப் படுக்கையாகப் பொருத்தினால் மூட்டு 1200 உயரத்தில் வரும். கட்டை ஏற்ற இறக்கமாக இருந்தால் திருகை எதில் இறக்குவீர்கள், காற்றிலா?

மரப்பித்தன்: மூட்டு வரும் இடத்தில் நேராகத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது பலகைக்காக. வலுவுக்காக இல்லை.

ரசமட்டம்: ஆக, நேராக வேண்டும் என்று ஒப்புக்கொண்டீர்கள்.

மரப்பித்தன்: ஐயா, மூட்டுக்கு என்றேன்!

ரசமட்டம்: 'நேராக' என்று எழுதியது இங்கேயே இருக்கிறது. அழித்துவிடாதீர்கள்.

உளிமுனை: நாளைக்கு ஒரு சுவர் எழுப்புகிறேன். ஏற்றி இறக்கித்தான் அடிக்கப் போகிறேன். படம் போடுகிறேன், பாருங்கள்.

ரசமட்டம்: போடுங்கள். அந்தப் பாதி வலு எங்கே போனது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன்.