ரெண்டரில் மாஸ்க் சேமிப்பது: கிரிப்டோமேட் போதுமா, தனி மாஸ்க் வேண்டுமா?

மென்னிழல்:
ஓர் அறைக்காட்சியை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில், அதன் சைக்கிள்ஸ் எஞ்சினைக் கொண்டு ரெண்டர் செய்தேன், அதாவது கணக்கிட்டுப் படமாக்கினேன். 1920×1080 அளவு, 240 ஃப்ரேம்கள். இப்போது சுழல் நாற்காலியின் நிறத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்கிறார்கள். பிக்சலில் எந்தப் பொருள் இருக்கிறது என்பதை எண்ணாகப் பதியும் பொருள் எண் பாஸைச் சேமித்திருந்ததால் கவலையில்லை என்று நினைத்தேன். அதிலிருந்து மாஸ்க் (திருத்த வேண்டிய பகுதியை மட்டும் பிரித்துக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்தால் விளிம்பெல்லாம் படிக்கட்டு போல இருக்கிறது. நாற்காலி சுழலும் இடங்களில் மோஷன் பிளர் (அசைவால் வரும் மங்கல்) மாஸ்க்கில் வரவே இல்லை. மங்கிய ஓரங்களில் பழைய நிறம் அப்படியே நிற்கிறது. மாஸ்க்குக்காக எப்படியும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும். இம்முறை எதைச் சேமிப்பது?

நுண்விளிம்பு:
பொருள் எண் பாஸில் ஒரு பிக்சலுக்கு ஓர் எண்தான். நாற்காலி 7, சுவர் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பாதிப் பாதி விழும் பிக்சலில் சராசரி எடுத்து 9.5 என்று எழுத முடியாது. அந்த எண் எதையும் குறிக்காது. ஆகவே இரண்டில் ஒன்றே பதிவாகிறது. படிக்கட்டு வருவது அதனால்தான்.

கிரிப்டோமேட்டைச் சேமியுங்கள். சைஆப் நிறுவனத்தார் 2015இல் சிக்கிராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்து, திறந்த மூலமாகக் கொடுத்த முறை இது. பொருளின் பெயரை 32 பிட் எண்ணாக மாற்றி, அந்தப் பொருள் பிக்சலில் எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்கிறது. மோஷன் பிளர், குவிய மங்கல் எல்லாம் அந்தப் பங்கிலேயே வந்துவிடும். காட்சியில் உள்ள அத்தனை பொருள்களுக்கும் மாஸ்க் கையில் இருக்கும்.

மூவண்ணம்:
அத்தனை பொருள்களும் எதற்கு? அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலி.

கணக்குப் போடுங்கள். பிளெண்டரின் இயல்பான 6 நிலைகளுக்கு, அதாவது ஒரு பிக்சலில் 6 பொருள்களுக்கு, எண்ணும் பங்குமாக 12 சேனல்கள், ஒவ்வொன்றும் 4 பைட். சுருக்காமல் பார்த்தால் ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 99.5 மெகாபைட், 240 ஃப்ரேம்களுக்கு 24 ஜிகாபைட். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களில் மூன்று மாஸ்க்குகளை வைத்து 16 பிட்டில் எழுதினால் ஃப்ரேமுக்கு 12.4 மெகாபைட்தான். எந்த மென்பொருளும் திறக்கும். முக்கியமாக, படத்தைத் திறந்த உடனே சரியா தவறா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். கிரிப்டோமேட் சேனலைத் திறந்தால் புள்ளிக் குப்பைதான் தெரியும். நான் முன்பு இருந்த குழுவில் ஒருவர் கோப்பின் அளவைக் குறைக்க டி.டபிள்யூ.ஏ.ஏ. என்னும் இழப்புள்ள சுருக்கத்தைத் தேர்ந்துவிட்டார். எண்கள் துளித்துளி மாறி அத்தனை மாஸ்க்குகளும் வீணாயின. வேலையை ஒப்படைக்கும் நாளில்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. அந்த இரவை நான் மறக்கவில்லை.

நுண்விளிம்பு:
அது முறையின் குற்றமல்ல, அமைப்பின் குற்றம். எண் ஒரு பிட் மாறினாலும் வேறு பெயராகிவிடும். அதனால்தான் 32 பிட் ஃப்ளோட் என்னும் எண் வடிவமும் இழப்பில்லாத ஜிப் சுருக்கமும் கட்டாயம். ஒரே எண் பரந்த பகுதியில் திரும்பத் திரும்ப வருவதால் ஜிப் அதை நன்றாகவே சுருக்கும். உங்கள் 24 ஜிகாபைட் வட்டில் அப்படியே உட்காராது.

எனக்கு இதில் பிடிவாதம் உண்டு, மறைக்கவில்லை. ரெண்டர் செய்யும் நேரத்தில் நாளை எதை மாற்றச் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? மூன்று பொருள்களுக்கு மாஸ்க் எடுத்துவைத்தால் நான்காவதைத்தான் கேட்பார்கள்.

ஆழ்தளம்:
ஒரு கேள்வி, மென்னிழல். காட்சியில் கண்ணாடி இருக்கிறதா?

மென்னிழல்:
இருக்கிறது. மேசையின் மேற்பலகை கண்ணாடி. நாற்காலியின் கால்கள் அதன் வழியாகத் தெரிகின்றன.

ஆழ்தளம்:
அப்படியானால் கிரிப்டோமேட் அங்கே கைவிட்டுவிடும். கேமராவிலிருந்து போகும் கதிர் முதலில் தொடும் பரப்பின் பெயரைத்தான் அது பதிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கால்கள் எல்லாம் மேசையின் கணக்கில் போய்விடும்.

மூவண்ணம்:
இதற்குத்தான் தனி மாஸ்க் ரெண்டர். விளக்குகளையும் சூழல் ஒளியையும் அணைத்துவிடுங்கள். நாற்காலிக்குத் தானே ஒளிரும் வெள்ளைப் பொருள், மற்றவற்றுக்கு ஒளி எதையும் திருப்பாத கறுப்பு. கண்ணாடியை மட்டும் கண்ணாடியாகவே விடுங்கள்; அதன் நிறச்சாயலை நீக்கி வெள்ளையாக்கினால் போதும். ஒளிவிலகலில் வளைந்து தெரியும் கால்கள் மாஸ்க்கிலும் அதே வளைவோடு வரும். கண்ணாடியில் தெரியும் நாற்காலியின் பிம்பமும் கூடவே வந்துவிடும். மோஷன் பிளரின் அளவைத் தீர்மானிக்கும் ஷட்டர் நேரத்தையும், விளிம்பின் மென்மையைத் தீர்மானிக்கும் பிக்சல் ஃபில்டரையும் மூல ரெண்டரில் இருந்தபடியே வையுங்கள், இல்லையென்றால் விளிம்பு பொருந்தாது. ஒளிக் கணக்கு ஏதும் இல்லாததால் ரெண்டர் சீக்கிரம் முடியும்.

நுண்விளிம்பு:
கண்ணாடி விஷயத்தில் மூவண்ணம் சொல்வதே சரி, ஒப்புக்கொள்கிறேன். நாற்காலிக்கு அவர் வழியில் போங்கள். ஆனால் மூல ரெண்டரை என்றைக்காவது மறுபடி ஓட்டினால் கிரிப்டோமேட்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மாஸ்க்கைப் பிரித்தெடுத்த பிறகுதான் படத்தின் அளவை மாற்ற வேண்டும். முதலில் அளவை மாற்றினால் அடுத்தடுத்த எண்கள் கலந்து பொருளற்றுப் போகும்.

ஆழ்தளம்:
இருவருமே விட்ட ஒன்று. நிறத் திருத்தத்துக்கு மாஸ்க் போதும். நாற்காலியை வெட்டி வேறு பின்னணியில் வைக்கச் சொன்னால் இரண்டு வழியும் உதவாது. விளிம்புப் பிக்சலில் சுவரின் நிறம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மாஸ்க்கால் பெருக்கினாலும் அது கூடவே வரும். அதற்கு நாற்காலியைத் தனி அடுக்காக, ஆல்ஃபாவோடு (ஒளிபுகும் அளவைப் பதியும் சேனல்) ரெண்டர் செய்ய வேண்டும்.

மென்னிழல்:
மூவண்ணம் சொன்னபடி 20 ஃப்ரேம்களை ஓட்டிப் பார்த்தேன். கால்கள் கண்ணாடிக்குள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. சுழலும் ஓரமும் சுத்தம். இருவருக்கும் நன்றி. இன்னும் ஒரு குறை: நாற்காலி நீலமாகிவிட்டது, ஆனால் பக்கத்துச் சுவரில் பழைய சிவப்பின் சாயல் லேசாகப் படிந்திருக்கிறது.

மூவண்ணம்:
அது நாற்காலியில் பட்டுத் திரும்பிய ஒளி. அதை எந்த மாஸ்க்கும் பிடிக்காது. நாற்காலி சுவரை ஒட்டி வரும் ஃப்ரேம்களை மட்டும் நீல நாற்காலியோடு மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.

நுண்விளிம்பு:
செய்யும்போது கிரிப்டோமேட் பெட்டியில் டிக் போட்டுவிடுங்கள்.