கறுப்புக் கப்பலும் கொபான் காசும்: ஜப்பானியரும் அமெரிக்கரும் முதலில் சந்தித்தபோது (1853–1860)

அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியைப் பற்றி, "பெரி வந்தார், வெளிநாட்டாருக்குப் பெரும்பாலும் மூடியிருந்த ஜப்பான் திறந்தது" என்று இரண்டே வரியில் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். யார் எதைப் பார்த்து என்ன நினைத்தார்கள், எந்த இடத்தில் புரிதல் பிசகியது என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நான் கப்பலிலிருந்து தொடங்குகிறேன். 1853 ஜூலை 8 அன்று ஜப்பானின் உராகா துறைமுகத்துக்கு எதிரே நங்கூரமிட்டவை, ஜப்பானியர் "கறுப்புக் கப்பல்" என்று அழைத்த நான்கு அமெரிக்கக் கப்பல்கள். அவற்றில் சஸ்குவெஹானா, மிசிசிப்பி இரண்டு மட்டுமே நீராவிக் கப்பல்கள், மற்றவை பாய்மரக் கப்பல்கள். அப்போது தெருவில் விற்ற ஒற்றைத் தாள் அச்சுப் படங்களில் பெரியின் முகம் தெங்கு என்ற மலைப்பூதம் மாதிரி இருக்கும்: நீண்ட மூக்கு, முறைக்கும் கண். 1854இல் பெரி திரும்பி வந்தபோது பக்கத்தில் நின்று வரைந்தவர்களின் படங்களைப் பாருங்கள். சட்டைப் பொத்தான், துப்பாக்கி, தொப்பி எல்லாம் அப்படியே இருக்கும். பூதத்தை வரைந்தது செவிவழிச் செய்திதான்.

—

மொழிபெயர்ப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரி பக்கத்தில் ஜப்பானிய மொழி சரளமாகத் தெரிந்தவர் இல்லை, ஜப்பான் பக்கத்தில் பேச வந்தவர்களுக்கும் ஆங்கிலத்தைவிட டச்சுதான் நன்றாகத் தெரியும். அதனால் ஆங்கிலம் டச்சாகி, டச்சு ஜப்பானியமாகும். ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஹொரி தத்சுனொசுகே கப்பலருகே படகில் வந்து, தனக்கு டச்சு பேசத் தெரியும் என்று ஆங்கிலத்தில் கூவியதிலிருந்தே ஆரம்பம் அதுதான்.

விளைவு 1854 மார்ச் 31இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட கனகாவா ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில் தெரியும். இரு அரசுகளில் ஏதாவது ஒன்று தேவை என்று கருதினால் தூதரக அதிகாரி வரலாம் என்கிறது ஆங்கிலப் படி. இரண்டும் கருதினால்தான் என்கிறது ஜப்பானியப் படி. 1856 ஆகஸ்டில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக டவுன்செண்ட் ஹாரிஸ் ஷிமொடா துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, "உங்களை யாரும் அழைக்கவில்லையே" என்ற தோரணையில் அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவர்கள் கையிலிருந்த படியின்படி அது நியாயம்தான்.

—

அதைவிடப் பெரிய பிசகு காசில் நடந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜப்பானியப் பணக் கணக்கில் 1 ர்யோ என்பது 4 பு, 1 பு என்பது 4 ஷு. 1 ர்யோ பொற்காசுக்குப் பெயர் கொபான். 1 பு வெள்ளிக்காசு இச்சிபு. இச்சிபுவின் எடை 8.6 கிராம் அளவுதான். அதன் மதிப்பு வெள்ளியில் இல்லை, மேலே இருந்த அரசு முத்திரையில் இருந்தது. நம் கையிலிருக்கும் ரூபாய் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரிஸ் அதைத் தராசில் வைத்தார். ஆசிய வணிகத்தில் புழங்கிய வெள்ளிக்காசான மெக்சிகோ டாலர் 27 கிராம். ஆக, 1 டாலருக்கு 3 இச்சிபு தர வேண்டும் என்றார். எடைக்கு எடை மாற்று என்பது 1858இல் இரு நாடுகளும் செய்த வணிக ஒப்பந்தத்திலும் ஏறிவிட்டது. 1859 ஜூலையில் யோகஹாமா திறந்ததும் வியாபாரிகள் செய்தது இதுதான்: 4 டாலர் கொடுத்து 12 இச்சிபு வாங்கு, அதைக் கொடுத்து 3 கொபான் வாங்கு, ஷாங்காயில் விற்றால் ஏறக்குறைய 12 டாலர். ஜப்பானில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் விகிதம் 1:5, வெளியே 1:15. அந்த இடைவெளியில்தான் பொன் கப்பலேறியது.

ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 13.5 கிராமில் புதிதாக 2 ஷு வெள்ளிக்காசு அடித்தது. அதில் இரண்டு வைத்தால் ஒரு டாலர் எடை, மதிப்போ 1 பு மட்டும். அருமையான மருந்து! வெளிநாட்டுத் தூதர்கள் இதை மோசடி என்று எதிர்க்க, சில வாரங்களில் திரும்பப் பெற்றார்கள். ஹாரிஸின் நாட்குறிப்பில் ஜப்பானிய அதிகாரிகளைப் பொய்யர் என்று திட்டும் இடங்கள் பல. காசு விஷயத்தில் அவர்கள் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து.

—

1860இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அனுப்பிய தூதுக்குழுவையும் சேர்த்துக்கொள்வோம். மொத்தம் 77 பேர். மே மாதம் வெள்ளை மாளிகைக்குப் போனபோது துணைத் தூதர் முராகாகி நொரிமாசா கரிகினு என்ற சடங்கு உடையில் போனார். எதிரே அதிபர் புக்கானன் ஒரு வணிகரைப் போலக் கறுப்புக் கோட்டில், இடையில் வாளில்லாமல் நின்றார். இதற்குப் போய் கரிகினு அணிந்தோமே என்று முராகாகி எழுதிவைத்தார். காங்கிரஸ் விவாதம் அவருக்கு ஷோகனின் தலைநகரான எதோவின் (இன்றைய டோக்கியோ) நிஹொன்பாஷி மீன்சந்தையை நினைவூட்டியது. அமெரிக்கக் கூட்டமோ தூதர்களைவிட, "டாமி" என்று செல்லப்பெயர் வைத்த பதின்வயது மொழிபெயர்ப்பாளர் ததெய்ஷி ஒனொஜிரோவையே மொய்த்தது. அவர் பெயரில் போல்கா இசையே வந்தது.

ஆனால் முக்கியமானவர் தூதுக்குழுவின் மூன்றாவது தலைமை உறுப்பினர் ஒகுரி ததமாசா. காசுப் பிசகை நேர்செய்யும் எண்ணத்தோடுதான் அவர் பிலடெல்பியா நாணயச்சாலைக்குப் போனார். அங்கே வழக்கம், சிறு துணுக்கைச் சுரண்டிச் சோதிப்பது. ஒகுரி, முழுக் காசையும் உருக்கிப் பாருங்கள் என்றார். நேரமாகும் என்றார்கள். காத்திருக்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தராசு ஒருபக்கம், சொரொபான் மணிச்சட்டம் ஒருபக்கம். அமெரிக்க நாளிதழ்கள் அதுவரை உடையையும் இரட்டை வாளையும் பற்றித்தான் எழுதிவந்தன. நாணயச்சாலையில் இருந்தவர்களோ இந்தப் பொறுமையையும் கணக்கின் துல்லியத்தையும் பார்த்து வியந்தார்கள்.

—

ஒகுரி பற்றிய பதிவுக்கு நன்றி ஐயா. ஒரு சேர்க்கை: அந்தக் குழு ஊர் திரும்பும் முன்பே ஷோகன் அரசு புதிய மன்னென் கொபானை வெளியிட்டுவிட்டது. தெம்போ காலத்துக் கொபான் 11.2 கிராம். இது 3.3 கிராம். பொன் வெளியேறுவது நின்றது, எதோவில் விலைவாசி ஏறியது.